சின்ன வால்யூம் பெடல் வாங்கும் முன்: இரண்டு முறை தப்பாக வாங்கியவன் சொல்வது

கிட்டார் ஒலியைக் காலால் கூட்டிக் குறைக்கும் பெட்டி இது: உள்ளே ஒரே ஒரு பாட், அதாவது திருப்பினால் மதிப்பு மாறும் மின்தடை, ஓரத்தில் இரண்டு மூன்று ஜாக், மேலே ஒரு மிதி. பெடல்களிலேயே எளிமையான சாமான் வால்யூம் பெடல்தான், இதை வாங்க யோசிக்க என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன். பெடல்களை அடுக்கிவைக்கும் என் போர்டில் மிச்சமிருந்த இடம் ரொம்பக் குறைவு. அதனால் நீள அகலத்தைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன், வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து செருகி வாசித்தால், பக்கத்து அறையில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பதுபோல ஒரு சத்தம். மிதியை முழுக்க அழுத்தினாலும் அப்படித்தான். கம்பி பழசாகிவிட்டதோ என்று மாற்றினேன், கேபிளை மாற்றினேன், ஆம்பில் ட்ரெபிளைக் கூட்டிக் கூட்டிக் காது வலித்ததுதான் மிச்சம். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் போர்டை எடுக்கச் சோம்பல்பட்டு கிட்டாரை நேராக ஆம்பில் செருகினேன், பழைய சத்தம் அப்படியே இருந்தது. பெடலில் பழுது ஒன்றும் இல்லை. அது என் கிட்டாருக்கான பெடலே இல்லை. பெட்டியின் ஓரத்தில் 25 கிலோ ஓம் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்ததை நான்தான் படிக்கவில்லை.

இரண்டாவது முறை ஓம் கணக்கைச் சரியாகப் பார்த்துவிட்டு அளவில் கோட்டை விட்டேன், அந்தக் கதை கீழே 5ஆம் படியில் வருகிறது. இரண்டு தப்புக்கும் காரணம் ஒன்றுதான்: பெடலை முதலில் பார்த்தேன், அது உட்காரப்போகும் இடத்தைப் பிறகு பார்த்தேன். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் போகிறது.

1. எதற்கு வேண்டும் என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்

வால்யூம் பெடலை ஆட்கள் பொதுவாக நாலு வேலைக்கு வாங்குகிறார்கள். மீட்டும் சத்தம் தெரியாமல் சுரத்தை மெல்ல எழும்பவிட, அதாவது வயலின் வில் போட்டதுபோல. பாட்டின் நடுவில் மற்றவர்களோடு சமமாக ஒலியைக் கூட்டிக் குறைக்க. ஓவர்டிரைவ் எவ்வளவு கரகரக்க வேண்டும் என்பதைக் காலால் கட்டுப்படுத்த. அப்புறம், பாட்டுக்குப் பாட்டு நடுவே ஒரேயடியாக வாயை மூடவைக்க.

இந்த நாலில் எது உங்களுக்கு என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். தாளத்துக்கு ஒரு அளவு, தனி வாசிப்புக்கு ஒரு அளவு, இந்த இரண்டு மட்டும்தான் வேண்டுமென்றால் உங்களுக்கு வால்யூம் பெடலே தேவையில்லை. ஒரு மிதியில் ஒலியைக் குறிப்பிட்ட அளவு உயர்த்தும் பூஸ்ட் பெடல் போதும், இடமும் பாதிதான் பிடிக்கும், மேடையில் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்குத்தான் போகும். காலால் மிதித்து அதே அளவைத் திரும்பத் திரும்பப் பிடிப்பது நினைப்பதைவிடக் கஷ்டம். சுரத்தை எழும்பவிடுவது மட்டும்தான் ஆசை என்றால், கிட்டாரின் வால்யூம் குமிழைச் சுண்டுவிரலால் திருப்பிப் பாருங்கள். குமிழ் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிட்டார்களில் இது காசில்லாமல் நடக்கிற வேலை. ஒரு வாரம் முயன்று விரல் எட்டவில்லை என்று தெரிந்த பிறகு பெடலுக்கு வாருங்கள்.

2. வரிசையில் அது எங்கே உட்காரும்?

ஒரே பெடல்தான், ஆனால் வைக்கிற இடத்தைப் பொறுத்து வேறு வேறு பெடலாகிவிடும். வழக்கமான இடங்கள் மூன்று.

முதல் இடம், கிட்டாருக்கு அடுத்தபடியாக, எல்லாவற்றுக்கும் முன்னால். இங்கே அது கிட்டாரின் வால்யூம் குமிழ் செய்வதையே செய்யும். மிதியைப் பின்னால் சாய்த்தால் ஓவர்டிரைவுக்குப் போகும் சிக்னல் குறையும், கரகரப்பு குறைந்து சத்தம் சுத்தமாகும், ஆனால் ஒலி பெரிதாக இறங்காது. இதை எதிர்பார்க்காமல் வைத்தவர்கள் ‘பெடல் வேலை செய்யவில்லை’ என்று திருப்பிக் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் எல்லாம் முடிந்த பிறகு, எதிரொலி தரும் டிலேக்கும் ரிவெர்புக்கும் முன்னால். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இந்த இடம்தான். கரகரப்பு அப்படியே இருக்கும், ஒலி மட்டும் ஏறி இறங்கும். மிதியை மூடிய பிறகும் டிலேயின் எதிரொலி தன் பாட்டுக்குத் தேய்ந்து அடங்கும். சுரத்தை எழும்பவிட்டு வாசிக்கும்போது, மூடித் திறக்கிற இடைவெளியை அந்த எதிரொலிதான் நிரப்புகிறது, அழகே அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, எல்லாம் முடிந்து கடைசியில். இங்கே மூடினால் எதிரொலி உட்பட எல்லாமே நின்றுபோகும். மொத்த ஒலியையும் அடக்க வேண்டுமென்றால் சரி, வேறு எதற்கும் நான் இங்கே வைக்க மாட்டேன்.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று கம்ப்ரஸர், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் பெடல். அதற்கு முன்னால் வால்யூம் பெடலை வைத்தால், நீங்கள் காலால் குறைப்பதை கம்ப்ரஸர் தன்னால் முடிந்தவரை சமன்செய்து தூக்கிவிடும். இரண்டும் மல்லுக்கட்டும், நடுவில் உங்கள் வாசிப்பு மாட்டிக்கொள்ளும். கம்ப்ரஸருக்குப் பின்னால் வையுங்கள். இன்னொன்று ஃபஸ், ஓவர்டிரைவைவிட முரட்டுக் கரகரப்பு தரும் பெடல். பழைய பாணி ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல்கள் கிட்டாரின் பிக்கப்போடு (கம்பி அதிர்வை சிக்னலாக்கும் பகுதி) நேராக ஒட்டியிருக்க விரும்புபவை, நடுவில் எதை நுழைத்தாலும் குணம் மாறும். அதையும் வால்யூம் பெடலுக்கு முன்னால்தான் வைக்க வேண்டும்.

இப்போது ஒரு தாளில் உங்கள் பெடல்களைக் கிட்டாரிலிருந்து ஆம்ப் வரை வரிசையாக எழுதி, வால்யூம் பெடல் வரும் இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அடுத்த படிக்கு அந்தத் தாள் வேண்டும்.

3. 250 கிலோ ஓமா, 25 கிலோ ஓமா

நான் விழுந்த குழி இதுதான், எனவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கரன்ட் வேண்டாத சாதாரண வால்யூம் பெடல்கள் இரண்டு வகையில் வருகின்றன. 250 கிலோ ஓம் பாட் வைத்தது ஒன்று, அதிக இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் மின்எதிர்ப்பு) என்பார்கள். 25 கிலோ ஓம் வைத்தது இன்னொன்று, அது குறைந்த இம்பீடன்ஸ். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். எர்னி பால் விபி ஜூனியர் இரண்டு மதிப்பிலும் வருகிறது, பெட்டியிலோ அடியிலோ எழுதியிருப்பதைப் படித்தால்தான் எது எதுவென்று தெரியும். பாஸ் நிறுவனம் எஃப்வி-30எச், எஃப்வி-30எல் என்று கடைசி எழுத்தில் பிரிக்கிறது. எச் கிட்டாரை நேராகச் செருக, எல் பஃபருக்குப் பின்னாலோ (பஃபர் என்னவென்று கீழே சொல்கிறேன்) கீபோர்டுக்கோ. கடைக்காரர் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சொன்னால் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்.

இது ஏன் முக்கியம்? பாட்டரி இல்லாத சாதாரண பிக்கப் பலவீனமான சிக்னல்தான் தரும். அதன் எதிரில் குறைந்த மின்தடையை வைத்தால் சிக்னல் அதன் வழியாக வழிந்துவிடும், அதிலும் ட்ரெபிள்தான் முதலில் போகும். கணக்காகவே பார்க்கலாம். கிட்டாருக்குள் இருக்கும் வால்யூம் பாட், சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால் வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) என்றால் 500. அந்த 250க்குப் பக்கத்தில் 250 கிலோ ஓம் பெடலைச் செருகினால் பிக்கப் பார்க்கும் மொத்தச் சுமை 125 ஆகிறது. காது கூர்மையாக இருந்தால் ஒரு துளி மங்கல் தெரியும், பொறுத்துக்கொள்ளலாம். அங்கேயே 25 கிலோ ஓம் பெடலைச் செருகினால் சுமை சுமார் 23க்கு இறங்கிவிடும். நான் மூன்று வாரம் கேட்ட அந்தக் கதவு சாத்திய சத்தம் இந்த 23தான்.

அப்படியானால் எப்போதும் 250ஐயே வாங்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. 250 கிலோ ஓம் பெடலைப் பாதி மூடும்போது அதன் வெளிவாசலில் இம்பீடன்ஸ் 62 கிலோ ஓம் வரை ஏறுகிறது. அதற்குப் பின்னால் 5 மீட்டர் கேபிள் இருந்தால், மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்தாலும், சுமார் 5,000 ஹெர்ட்ஸிலிருந்து ட்ரெபிள் சரியத் தொடங்கிவிடும். அதாவது ஒலியைக் குறைக்கும்போதெல்லாம் சத்தம் மங்கலாகவும் ஆகும். கிட்டார் குமிழை 6க்கு இறக்கினால் மந்தமாகிறதே, அதே நோய். அதே இடத்தில் 25 கிலோ ஓம் பெடல் இருந்தால் அந்தச் சரிவு சுமார் 50,000 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், எந்தக் காதுக்கும் எட்டாது.

ஆக, தாளை எடுங்கள். வட்டம் போட்ட இடத்துக்கு முன்னால் பஃபர் இருக்கிறதா என்று பாருங்கள். பஃபர் என்பது பலவீனமான சிக்னலை வாங்கி, எவ்வளவு சுமை வைத்தாலும் தாங்கும்படி வலுவாக்கிக் கொடுக்கும் சின்னச் சுற்று. அது தனிப் பெட்டியாகவும் வரும், பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாமலே ஏதோ ஒரு பெடலுக்குள் உட்கார்ந்திருக்கும். பாஸ் நிறுவனத்தின் வழக்கமான பெடல்களில், டியு-3 ட்யூனர் உட்பட, அணைத்துவைத்தாலும் சிக்னல் பஃபர் வழியாகத்தான் போகிறது. ஐபனேஸின் வழக்கமான டியூப் ஸ்க்ரீமரும் அப்படியே. ‘ட்ரூ பைபாஸ்’ என்று பெருமையாக எழுதியிருந்தால், அணைத்திருக்கும்போது அது வெறும் கம்பித்துண்டுதான், பஃபராகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முன்னால் பஃபர் இருந்தால், கிட்டாரிலேயே பாட்டரி வைத்த ஆக்டிவ் பிக்கப் இருந்தால், வயர்லெஸ் பயன்படுத்தினால், அல்லது ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் நடுவே பெடல்களைச் செருகும் ஜாக்குகள்) வைக்கப்போகிறீர்கள் என்றால் 25 கிலோ ஓம் வாங்குங்கள். பாட்டரி இல்லாத கிட்டார், முன்னால் ஒன்றுமே இல்லை, அல்லது இருப்பதெல்லாம் ட்ரூ பைபாஸ் என்றால் 250. இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறீர்கள், போர்டை மாதத்துக்கு ஒரு முறை கலைத்து அடுக்கும் ஆள் நீங்கள் என்றால் 250 வாங்கிவிடுங்கள். பஃபருக்குப் பின்னால் 250 வைத்தாலும், அதற்கு அடுத்தபடியாகக் குட்டிப் பேட்ச் கேபிளில் (பெடலைப் பெடலோடு இணைப்பது) இன்னொரு பஃபர் பெடல் வந்தால் பெரிதாக நஷ்டம் இல்லை. பிக்கப்புக்குப் பின்னால் நேராக 25 வைத்தால், நடுவில் பஃபர் நுழைக்காமல் காப்பாற்ற வழியே இல்லை.

4. உள்ளே என்ன ஓடுகிறது

மிதியின் அசைவை உள்ளே இருக்கும் பாட் வரை எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பதைக் கேளுங்கள். கயிறு சுற்றியது, பல்சக்கரம் வைத்தது, உலோகப் பட்டை வைத்தது என்று வகைகள் உண்டு. கயிறு வகை வழுவழுப்பாக நகரும், ஆனால் கயிறு என்றாவது ஒரு நாள் அறும், அது பெரும்பாலும் மேடையில்தான் அறும். மாற்றுக் கயிறு தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் அன்றே விசாரியுங்கள், கிடைத்தால் ஒன்று வாங்கி கிட்டார் பையில் போட்டுவிடுங்கள். பல்சக்கரம் அறாது, பதிலாக நாளாக ஆக லொடலொடக்கும். டன்லப் வால்யூம் எக்ஸ் வரிசையில் எஃகுப் பட்டை, அது இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல ஏற்பாடு.

பாட் என்பதே இல்லாத பெடல்களும் உண்டு. மோர்லி பெடல்களில் ஒளியை மறைத்துத் திறந்து வேலை நடக்கிறது, லேலே பெடல்களில் காந்த உணரி. தேய உராய்வுப் பகுதி இல்லாததால் கரகர சத்தம் வராது. இவை கரன்ட் கேட்கும், ஆனால் உள்ளேயே பஃபர் வேலையும் நடப்பதால் மேலே சொன்ன 250, 25 தலைவலி பெரும்பாலும் இல்லை. விலை கூடுதல். உங்கள் பவர் சப்ளையில் காலி வாய் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் பெடலோடு சேர்த்துப் புது சப்ளையும் வாங்கவேண்டி வரும், அங்கேதான் பட்ஜெட் கவிழும்.

5. அளவு: அட்டையை வெட்டுங்கள்

என் இரண்டாவது தப்பு. 250 கிலோ ஓம், சரியான இடம், எல்லாம் பொருந்தியது. கிடைத்ததிலேயே மிகக் குட்டியான பெடலை வாங்கினேன். போர்டில் அம்சமாக உட்கார்ந்தது. ஆனால் வாசிக்கும்போது ஒன்றுமில்லாததற்கும் முழு ஒலிக்கும் நடுவில் எதுவுமே இல்லை, பாதத்தைக் கொஞ்சம் அசைத்தால் மேலே, கொஞ்சம் விட்டால் கீழே.

காரணம் எளிய வடிவியல். மிதி நடுவில் தாங்கி, மொத்தம் 20 டிகிரி சாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதி 20 செ.மீ. நீளம் என்றால் அதன் நுனி சுமார் 3.5 செ.மீ. நகரும். 13 செ.மீ. மிதி என்றால் 2.3 செ.மீ.தான். அந்த 2.3 செ.மீ.க்குள் முழு ஒலியையும் பிரித்துக்கொள்ள வேண்டும், அதுவும் ஷூ போட்ட காலால். மூடித் திறப்பதற்கும் சுரத்தை எழும்பவிடுவதற்கும் குட்டிப் பெடல் தாராளமாகப் போதும். பாட்டு முழுக்க நுணுக்கமாக ஒலியை ஏற்றி இறக்கப்போகிறீர்கள் என்றால் மிகச் சிறியதைத் தவிர்த்து, ஒரு படி மேலே உள்ள நடுத்தர அளவுக்குப் போங்கள்.

வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பெடலின் நீள அகலத்தை விவரத்தாளிலிருந்து எடுத்து, அட்டையில் அதே அளவு வெட்டி, போர்டில் வைத்துப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பாஸ் நிறுவனத்தின் சாதாரணச் சின்னப் பெடல் 73 மி.மீ. அகலம், 129 மி.மீ. நீளம். வெட்டிய அட்டைக்குப் பக்கத்தில் ஜாக் வரும் இடத்தில் நிஜமான பேட்ச் கேபிளை வையுங்கள். பிளக் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள், பெடலில் மிச்சம் பிடித்த இடத்தையெல்லாம் நேர் பிளக் ஒன்று தின்றுவிடும், எல் வடிவ பிளக் என்றால் பரவாயில்லை. ஜாக் மிதிக்கு முன்னால் நெற்றியில் இருந்தால் பக்கவாட்டு இடம் மிச்சமாகும், பக்கத்தில் இருந்தால் அண்டைப் பெடலோடு சண்டை. அப்புறம் அட்டையின் மேல் ஷூ போட்ட காலை வைத்து நில்லுங்கள். குதிகால் அட்டைக்கு வெளியே தொங்கும், தொங்கட்டும், ஆனால் அது காற்றில் தொங்குகிறதா, போர்டின் விளிம்பில் இடிக்கிறதா, பக்கத்துப் பெடலின் குமிழைத் திருகுகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்திருந்தால் எனக்கு ஒரு பெடலின் காசு மிச்சமாகியிருக்கும்.

உட்கார்ந்து வாசிப்பவர் என்றால் உட்கார்ந்தே சோதியுங்கள், கணுக்கால் மடங்கும் கோணம் வேறு.

6. ஜாக்குகளைப் படியுங்கள்

ட்யூனருக்கென்று தனி ஜாக் இருப்பது வசதிதான், மிதியை மூடிவிட்டுச் சத்தமில்லாமல் சுருதி சேர்க்கலாம். ஆனால் கரன்ட் இல்லாத 250 கிலோ ஓம் பெடலில் அந்த ஜாக் சிக்னலோடு நேராக இணைந்திருக்கும். அதில் ட்யூனரைச் செருகினால் கேபிளும் ட்யூனரும் கூடுதல் சுமையாகி ட்ரெபிளைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ட்யூனரை வரிசையில் வால்யூம் பெடலுக்கு முன்னால் வைத்துவிட்டால் இந்த ஜாக்கே வேண்டாம்.

இன்னொரு பொறி, இதில் புதியவர்கள் நிறையப் பேர் விழுகிறார்கள்: எக்ஸ்பிரஷன் பெடல். பார்க்க அச்சு அசல் வால்யூம் பெடல்போலவே இருக்கும், விலையும் பக்கத்தில் இருக்கும். ஆனால் அதன் வழியாகக் கிட்டார் சத்தம் போகாது. டிலே போன்ற வேறு பெடலின் குமிழைக் காலால் திருப்பும் வேலைதான் அதற்கு. ஒரே ஒரு ஜாக் இருந்து, அதுவும் ஸ்டீரியோ கேபிள் கேட்டால் அது எக்ஸ்பிரஷன் என்று சந்தேகப்படுங்கள். டன்லப் வால்யூம் எக்ஸ் மினி, ஹோட்டோன் சோல் பிரஸ் போன்றவை இரண்டு வேலையும் செய்யும். எக்ஸ்பிரஷன் வேலைக்குக் கேபிளின் முனையும் வளையமும் எப்படி இணைந்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எனவே உங்கள் டிலேயின் கையேட்டையும் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

ஸ்டீரியோ வேண்டுமா என்பதற்கு என் பதில்: இன்று உங்களிடம் இரண்டு ஆம்ப் இருந்தால் வேண்டும், ‘பின்னால் வாங்குவேன்’ என்றால் வேண்டாம்.

குறைந்தபட்ச ஒலியை வைக்கும் குமிழ் இருந்தால் அது உண்மையிலேயே பயன். பின்னால் முழுக்கச் சாய்த்தால் தாள அளவு, முன்னால் அழுத்தினால் தனி வாசிப்பு அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சின்னப் பெடல்களில் இடத்தை மிச்சம்பிடிக்க இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

7. கையில் கிடைத்ததும் பத்து நிமிடச் சோதனை

கடையிலோ, வீட்டில் பெட்டியைப் பிரித்த அன்றோ, உங்கள் கிட்டாரோடும் உங்கள் கேபிள்களோடும் செய்யுங்கள். கடையின் கிட்டாரில் ஆக்டிவ் பிக்கப் இருந்தால் எந்தப் பெடலும் நன்றாகத்தான் கேட்கும்.

முதலில் கிட்டாரை நேராக ஆம்பில், சுத்தமான சத்தத்தில் ஒரு கார்டு. அப்புறம் பெடலை நடுவில் வைத்து, முழுக்க அழுத்தி அதே கார்டு. ட்ரெபிள் எவ்வளவு போகிறது என்பது இங்கேயே தெரியும். அடுத்து குதிகாலை முழுக்க அழுத்தி, ஆம்பைக் கொஞ்சம் கூட்டி, பலமாக மீட்டுங்கள். சுத்த மௌனமா, எங்கேயோ கொசு பாடுவதுபோல் கசிகிறதா? பிறகு ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டு, பத்து விநாடி எடுத்துக்கொண்டு மிதியை மெதுவாக ஏற்றுங்கள். ஒலி படிப்படியாக வர வேண்டும். முதல் பாதியில் ஒன்றுமே வராமல் கடைசியில் திடீரென்று குதித்தாலோ, தொட்டவுடனே முக்கால்வாசி வந்துவிட்டாலோ, அந்த ஏற்றம் உங்கள் காலுக்குச் சரிப்படுமா என்று இன்னும் ஐந்தாறு முறை செய்து பாருங்கள். சில பெடல்களுக்கு உள்ளே ஏற்றத்தை மாற்றும் சின்ன ஸ்விட்ச் இருக்கும், விபி ஜூனியரில் அப்படி ஒன்று உண்டு. கையேட்டைப் பாராமல் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, மிதியை நடுவில் நிறுத்திக் காலை எடுங்கள். அங்கேயே நிற்க வேண்டும். தானாகச் சரிந்தால் இறுக்கும் திருகு இருக்கிறதா என்று அடியில் பாருங்கள்.

8. செலவு, காகிதம், தேதி

பெடலின் விலையோடு கணக்கு முடியாது. கூடுதலாக ஒரு பேட்ச் கேபிளாவது வேண்டும், பெடல் வரிசையின் நடுவில் வருவதால் இருக்கும் கேபிளின் நீளம் பல நேரம் போதாது. போர்டில் ஒட்ட வெல்க்ரோ வேண்டும். இது சின்னப் பெடலுக்குக் கட்டாயம், எடை குறைவு என்பதால் ஒட்டாவிட்டால் மிதிக்கும்போது முன்னால் வழுக்கிக்கொண்டு ஓடும். பஃபர் இல்லாமல் 25 கிலோ ஓம் வாங்க முடிவு செய்தால் பஃபர் விலையையும் சேருங்கள். அப்படிக் கூட்டிப் பார்க்கும்போது கரன்ட் வகைப் பெடல் அத்தனை விலை அதிகம் இல்லை என்றுகூட ஆகலாம்.

காகிதங்களில் மூன்றைப் பத்திரப்படுத்துங்கள்: ரசீது, வாரண்டி அட்டை, கையேடு. கையேடு தொலைந்தால் பதிவிறக்கிக்கொள்ளலாம், மற்ற இரண்டும் அப்படி இல்லை. ரசீதில் மாடல் பெயர் முழுதாக, கடைசி எழுத்து வரை இருக்கிறதா என்று கல்லாவிலேயே பாருங்கள். எச் கேட்டு எல் வந்துவிட்டால் அந்த ஓர் எழுத்துதான் உங்கள் சாட்சி.

தேதி விஷயத்தில் நான் சோம்பேறி. குட்டிப் பெடலைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தபோது அவகாசம் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன்பே திருப்பும் கடைசித் தேதியைப் போனில் குறித்துவையுங்கள், அதற்கு மூன்று நாள் முன்பே மணி அடிக்கும்படி. அந்தத் தேதி வரை அடியிலுள்ள ரப்பர் கால்களைக் கழற்றாதீர்கள், வெல்க்ரோ ஒட்டாதீர்கள், பெட்டியையும் உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். அதுவரை கனமான புத்தகம் ஒன்றை முன்னால் முட்டுக்கொடுத்து மிதித்துக்கொள்ளலாம்.

9. பழையது வாங்குகிறீர்களா?

வால்யூம் பெடலைப் பழையதாக வாங்குவதில் தப்பில்லை, தேய்கிற பாகம் ஒன்றிரண்டுதான். ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். கரன்ட் இல்லாத பெடலில் உள்வாசல் ஜாக்கில் மட்டும் ஒரு கேபிளைச் செருகி, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் தண்டுக்கும் நடுவில் மின்தடையை அளங்கள். 250 கிலோ ஓம் பெடல் என்றால் 200க்கும் 300க்கும் இடையில் காட்டலாம், பாட் மதிப்பு 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம். 25 பக்கத்தில் காட்டினால் விற்பவர் சொன்னது வேறு, இருப்பது வேறு.

கயிறு வகை என்றால் அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், கயிறு பிசிறு பிசிறாக இருக்கிறதா பாருங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள். மிதியைப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடத்தால் அச்சு தேய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்வது கயிறு மாற்றுவதுபோல் சுலபமில்லை.

10. கரகரப்பு வந்தால்

சில மாதம் கழித்து, மிதியை அசைக்கும்போதெல்லாம் கரகரவென்று ஒரு சத்தம் வரலாம். உடனே உள்ளே இருக்கும் பாட் போச்சு என்று மாற்றாதீர்கள். பெடலுக்கு முன்னால் இருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். முந்தைய பெடல் ஒன்றிலிருந்து டிசி மின்சாரம் கசிந்து வந்தாலும் பாட் இப்படித்தான் கரகரக்கும், அப்போது குற்றவாளி அந்தப் பெடல். கிட்டாரை நேராகச் செருகியும் கரகரத்தால் தூசு. பாட் உடலில் இருக்கும் சிறு துவாரத்தில் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, மிதியை முப்பது நாற்பது முறை ஏற்றி இறக்கி, ஒரு மணி நேரம் காயவிடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் புதுப் பாட். அதையும் மதிப்பைப் பார்த்து வாங்குங்கள், 250 இருந்த இடத்தில் 250.